முப்பது ரூபாய் வழக்கு

சென்ற மாதம் ஓர் ஆய்வுக் கருத்தரங்கில் என் இளைய நண்பர் ஒருவர் கட்டுரை வாசிக்க எழுந்தார். நான்கு ஆண்டுகள் ஆவணக் காப்பகங்களில் அமர்ந்து திரட்டிய செய்திகள் அவரிடம் இருந்தன. அந்த அறையில் அப்பொருளை அவரைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை. ஆயினும் இரண்டாம் பக்கத்தைத் தாண்டுமுன் குரல் நடுங்கியது, தாள் நடுங்கியது, கட்டுரை பாதியில் நின்றது. பின்னர்த் தேநீர் வேளையில் என்னிடம், "இது எனக்கு வராது, அண்ணா. சிலருக்குப் பிறவியிலேயே மேடை வாய்த்துவிடுகிறது" என்றார். தமிழ்வழியில் பயின்று, வடநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கிலத்தில் பேச நேர்ந்த எனக்கும் ஒரு காலத்தில் அதே எண்ணம் இருந்தது. அன்று அவருக்கு நான் சொல்லத் தொடங்கிய விடையை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். இது பேச்சுப் பயிற்சிக் குறிப்பு அன்று. பேச வராத ஒரு வழக்கறிஞர் எவ்வாறு பேசக் கற்றார் என்னும் வரலாறு.

அவ்வழக்கறிஞர் மோகன்தாஸ் காந்தி. கதை தெரிந்ததுதானே என்று கடந்துவிட வேண்டா. அவர் கூச்சமுள்ளவராக இருந்தார், பின்னர் பெரும் தலைவரானார் என்ற இரண்டு முனைகள் மட்டுமே நமக்குச் சொல்லப்படுகின்றன. இடையில் நிகழ்ந்தவற்றையே நான் பார்க்க விரும்புகிறேன். சான்றுகளில் பெரும்பாலானவை அவருடைய தன்வரலாறான சத்திய சோதனையில் உள்ளவை. நிகழ்ச்சிகள் நடந்து பல்லாண்டுகள் கழித்து, தம் குறைகளைத் தாமே எடுத்துக்காட்டும் நோக்குடன் எழுதப்பட்ட நூல் அது. அந்த எச்சரிக்கையுடனேயே அதைப் படிக்க வேண்டும்.

1888இல் சட்டம் பயில இலண்டன் சென்ற காந்தி, ஆங்கிலக் கனவானாக மாறிவிட முயன்ற சில மாதங்களில் நடனமும் வயலினும் கற்கத் தொடங்கினார். மூன்றாவதாக, சொற்பொழிவுக் கலைக்கென ஓர் ஆசிரியரைத் தேடி ஒரு கினி முன்பணம் கட்டினார். அந்த ஆசிரியர் பரிந்துரைத்த பாடநூல் 'பெல்ஸ் ஸ்டாண்டர்ட் எலொகியூஷனிஸ்ட்'. அதைத் தொகுத்த இருவருள் ஒருவர் தொலைபேசியை உருவாக்கிய கிரகாம் பெல்லின் தந்தை. பிரித்தானியப் பிரதமராயிருந்த பிட்டின் சொற்பொழிவு ஒன்றே காந்தியின் முதற்பாடம். இரண்டு மூன்று வகுப்புகளோடு அது முடிந்தது. தமக்கு இவை வேண்டா என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதி விலகிக்கொண்டார். பிறருடைய சொற்களைப் பிறருடைய தொனியில் ஒப்பிக்கும் அந்தப் பயிற்சியால் அவர் பேச்சாளர் ஆகவில்லை.

இலண்டன் சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் அவர் உறுப்பினராயிருந்தார். கூட்டங்களுக்குத் தவறாமல் செல்வார், வாய் திறவாமல் திரும்புவார். கருத்து வேறுபாட்டின் காரணமாக டாக்டர் அல்லின்சனைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தபோது, அது நேர்மையன்று என்று காந்தி கருதினார். தம் கருத்தை எழுதி எடுத்துச் சென்றார். அதை வாசிக்கக்கூட அவரால் இயலவில்லை, வேறொருவர் வாசித்தார். வெண்ட்னர் என்னும் ஊரில் ஒரு கூட்டத்திற்கு ஒரே ஒரு தாளில் உரையை எழுதிக்கொண்டு எழுந்தபோது கண்பார்வை மங்கியது, உடல் நடுங்கியது. உடன் வந்த மஜும்தார் அதை வாசித்து முடித்தார். நாடு திரும்புமுன் நண்பர்களுக்கு அளித்த விருந்தில் நகைச்சுவைக் கதையொன்றுடன் தொடங்க எண்ணியிருந்தார். முதல் வாக்கியத்திற்குமேல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. நன்றி கூறி அமர்ந்துவிட்டார்.

இவையெல்லாம் தம்மளவில் முடிந்துபோன சங்கடங்கள். பம்பாயில் நிகழ்ந்தது அப்படிப்பட்டதன்று.

1891 சூனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிய பின்னர், பம்பாய்ச் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் அவருக்கு முதல் வழக்கு வந்தது. கட்சிக்காரர் மமிபாய் என்னும் பெண். எளிய வழக்கு. கட்டணம் முப்பது ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியது காந்தியின் கடமை. எழுந்து நின்றார். தலை சுற்றியது. நீதிமன்றமே சுழல்வதுபோல் இருந்தது. கேட்பதற்கு ஒரு கேள்விகூட மனத்தில் தோன்றவில்லை. அமர்ந்தார். தம்மால் இவ்வழக்கை நடத்த இயலாது, கட்டணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பட்டேல் என்பவரை அமர்த்திக்கொள்ளுங்கள் என்று முகவரிடம் கூறிவிட்டு விரைந்து வெளியேறினார். பட்டேலின் கட்டணம் ஐம்பத்தொரு ரூபாய். அவருக்கு அவ்வழக்கு பிள்ளை விளையாட்டு.

இந்நிகழ்ச்சியை எல்லாரும் காந்தியின் அவமானமாகவே நினைவுகூர்கிறார்கள். நான் மமிபாயை நினைக்கிறேன். தம் பொருட்டு ஒருவர் பேசுவார் என்று நம்பி வந்தவர் அவர். அந்த ஒருவர் பேசவில்லை. ஒரு தொழிலில் இருப்பவருக்குப் பேச வராதது அவருடைய சொந்தக் குறையோடு நின்றுவிடுவதில்லை. அதன் விலையை அவரை நம்பியவர் கொடுக்கிறார். வழக்கறிஞரின் கட்சிக்காரர், மருத்துவரின் நோயாளி, பொறியாளர் கட்டும் பாலத்தில் நடக்கப்போகும் ஊரார், ஆய்வாளர் ஆவணங்களில் கண்டெடுத்த மறைந்த மனிதர்கள் ஆகிய எல்லாருடைய இடத்திலும் ஒரு மமிபாய் உண்டு.

காந்தியிடம் மாற்றம் தொடங்கியது தென்னாப்பிரிக்காவில். 1893இல் தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்குக்காக, 105 பவுண்டு ஊதியத்திற்கு அவர் அங்கே சென்றார். பிரிட்டோரியாவிற்கு வந்த சில நாட்களில் அங்கிருந்த இந்தியர்களைக் கூட்டி ஓர் உரை நிகழ்த்தினார். வந்தவர்களில் பெரும்பாலோர் மேமன் வணிகர்கள். வணிகத்தில் உண்மை பேணுதல் என்பதே பேச்சின் பொருள். அதுவே தம் வாழ்வின் முதற் பொதுப்பேச்சு என்று அவரே குறிக்கிறார். இலண்டனில் தடுமாறியவர் இங்கே தடுமாறாததற்கு அவர் தரும் விளக்கம் எளியது. பொருளை ஆயத்தம் செய்துகொண்டு சென்றார் என்பதே அது. நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். கேட்போருக்கு அப்பேச்சு தேவைப்பட்டது. உண்மையும் வணிகமும் ஒத்துவாரா என்பது அவர்களிடையே வழங்கிவந்த கருத்து. அதை அவர் மறுத்துப் பேசினார். கூட்டத்தோடும் நின்றுவிடவில்லை. தொடர்ந்து கூடினார்கள். ஆங்கிலம் கற்க விரும்பிய ஒரு முடிதிருத்துநருக்கும் ஓர் எழுத்தருக்கும் ஒரு சிறு கடைக்காரருக்கும் அவர்கள் இடத்திற்கே சென்று பாடம் சொன்னார். நாளடைவில் அவ்வூரில் அவர் அறியாத இந்தியர் இல்லை என்னும் நிலை வந்தது. தெரிந்த முகங்களின் முன் குரல் நடுங்குவது குறைவு.

அதே ஆண்டில் வழக்கு அவருக்கு இரண்டாம் பாடத்தைக் கற்பித்தது. 40,000 பவுண்டுக்கான அவ்வழக்கு முழுவதும் கணக்குப் புத்தகங்களில் இருந்தது. காந்திக்குக் கணக்கு எழுதுமுறை தெரியாது. நூல் வாங்கிக் கற்றார். ஆவணங்களைத் தாள் தாளாகப் படித்தார். சட்டத்தில் முக்கால் பங்கு உண்மைச் செய்திகளே என்று இலண்டனில் பின்கட் என்பவர் கூறியது அப்போதுதான் அவருக்குப் பொருள்பட்டது. வழக்கின் இரு பக்கங்களையும் முற்ற அறிந்த நிலையில், உறவினர்களான இரு வணிகரையும் நடுவர் தீர்ப்புக்கு இணங்கச் செய்தார். தோற்றவர் ஒரே நாளில் நொடித்துப் போகாதவாறு தவணைகளில் பணம் செலுத்தவும் வெற்றி பெற்றவரை இசைய வைத்தார். மும்பை நீதிமன்றத்தில் ஒரு கேள்வி தோன்றாதவர், சில ஆண்டுகளுக்குள் இரண்டு பிடிவாதக்காரர்களைப் பேசியே சமாதானப்படுத்தினார். குரலுக்கு அவர் எந்தப் பயிற்சியும் எடுத்திருக்கவில்லை. இம்முறை வழக்கு அவர் கையில் இருந்தது.

இத்துடன் கதை இனிதே முடிந்தது என்று எழுதினால் அது வரலாறாகாது. 1896 செப்டம்பரில், தென்னாப்பிரிக்க இந்தியரின் நிலையை எடுத்துரைக்கத் தாயகம் வந்திருந்த காந்திக்காகப் பம்பாயில் பிராம்ஜி கௌவாஸ்ஜி மன்றத்தில் கூட்டம் ஏற்பாடாயிற்று. தலைமை பெரோஸ்ஷா மேத்தா. முதல் நாள் அவர், உரை ஆயத்தமா என்று கேட்டார். எழுதாமல் பேசப்போகிறேன் என்றார் காந்தி. பம்பாயில் அது செல்லாது, செய்தியாளர் பிழையாக எழுதிவிடுவர், இன்றிரவே எழுதி அச்சிட வேண்டும் என்றார் மேத்தா. அச்சிட்டார்கள். மறுநாள் கூட்டம் நிரம்பி வழிந்தது. காந்தி வாசிக்க வாசிக்கக் குரல் தாழ்ந்துகொண்டே போயிற்று. உரக்க, இன்னும் உரக்க என்று மேத்தா ஊக்கியும் பயனில்லை. கேசவராவ் தேஷ்பாண்டே தாளை வாங்கினார். கூட்டமோ "வாச்சா, வாச்சா" என்று கூவியது. இறுதியில் தின்ஷா வாச்சா வாசித்தார், அரங்கம் ஆரவாரித்தது.

அடுத்த மாதம், 1896 அக்டோபர் 26 அன்று, சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் கூட்டம். இங்கும் அச்சிட்ட உரைதான். தமக்கு அது சற்று நீளமான உரை என்கிறார் காந்தி. ஆனால் அவையோர் ஒவ்வொரு சொல்லையும் கருத்தூன்றிக் கேட்டனர். ஒரு மாதத்தில் அவருடைய தொண்டை மாறியிருக்க இயலாது. வேறுபாட்டை அவரே சொல்கிறார், பாலசுந்தரம். நேட்டாலில் ஒப்பந்தக் கூலியாக உழைத்த அத்தமிழர், முதலாளி அடித்து முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் குருதி வழிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி காந்தியின் அலுவலகத்திற்கு வந்தவர். அவருடைய மொழி காந்திக்குத் தெரியாது. தமிழரான எழுத்தரின் வாயிலாகக் கேட்டறிந்து, வேறொரு முதலாளியிடம் அவரை மாற்றிவைத்தார். சென்னையில் கூடியவர்களுக்கு அது தம் ஊரார் ஒருவரின் செய்தி. ஒரு மமிபாய்க்காக எழுந்து அமர்ந்துவிட்டவர், ஐந்தாண்டுக்குள் ஒரு பாலசுந்தரத்திற்காக நின்று பேசியிருக்கிறார். அவை பேசுபவரை மறந்து பேசப்படுபவரைக் காணத் தொடங்கினால், தாழ்ந்த குரலும் போதுமானதாகிவிடுகிறது.

இவ்விடத்தில் இன்னொருவரைக் கொண்டுவர வேண்டும். அதே பயணத்தில், பூனாவில் காந்தி முதன்முறையாகச் சந்தித்த கோபால கிருஷ்ண கோகலே. அவர் பெர்குசன் கல்லூரிப் பேராசிரியர், கணக்குப் பாடநூல் எழுதியவர். அவருக்குப் பொதுவாழ்வின் ஆசான் நீதிபதி ரானடே. அரசின் அறிக்கைகளையும் வரவுசெலவுக் கணக்குகளையும் வரி வரியாகப் படிக்கச் செய்வதும், எழுதிய விண்ணப்பங்களைத் திருத்தி மீண்டும் எழுதச் செய்வதுமே ரானடே அளித்த பயிற்சி. 1897இல், முப்பது வயதில், இலண்டனில் வெல்பி ஆணையத்தின் முன் சாட்சியளித்து, இந்தியச் செலவினங்கள் குறித்த கடுமையான கேள்விகளுக்கு ஈடுகொடுத்தார் கோகலே.

அதே பயணத்தில் அவர் சறுக்கியும் விழுந்தார். பூனாவில் பிளேக் தடுப்புப் பணியில் ஈடுபட்ட படைவீரர்கள் பெண்களிடம் அத்துமீறியதாகத் தாயகத்திலிருந்து வந்த கடிதங்களை நம்பி, அக்குற்றச்சாட்டை இங்கிலாந்தில் வெளியிட்டார். திரும்பி வந்தபோது மெய்ப்பிக்கச் சான்று கிட்டவில்லை. வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அம்மன்னிப்புக்காக நெடுநாள் தூற்றப்பட்டார். பேச்சுத் திறம் மிக்கவருக்கு நேரக்கூடிய விபத்து இதுவே. நாவு சான்றை முந்திவிடுகிறது.

அதன்பின் ஐந்தாண்டு. 1902 மார்ச் 26 அன்று கல்கத்தாவில், வைசிராய் கர்சன் வீற்றிருந்த சட்டமன்றத்தில் கோகலே தம் முதல் வரவுசெலவு உரையை நிகழ்த்தினார். அந்நாளில் உறுப்பினர்கள் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசலாம், வாக்களிக்க முடியாது. எனவே பேச்சைத் தவிர அவரிடம் வேறு கருவி இல்லை. பிறர் அரசின் உபரியைப் பாராட்டிக்கொண்டிருக்க, அந்த உபரி மக்களின் செழிப்பைக் காட்டவில்லை என்றார் கோகலே. ரூபாயின் மதிப்பு வீழ்ந்திருந்த காலத்தில் உயர்த்திய வரிகளை, மதிப்பு ஏறிய பின்னும் குறைக்காமல் வசூலிப்பதன் விளைவே அது என்று அரசின் எண்களைக் கொண்டே காட்டினார். அவ்வெண்களைத் திரட்டுவதில் அவருக்குத் துணைநின்றவர் ஜி. வி. ஜோஷி என்னும் பள்ளித் தலைமையாசிரியர். மேடையில் ஒருவர் நிற்கிறார், அவர் பின்னே விளக்கு வெளிச்சத்தில் எண்களைக் கூட்டிக்கொண்டிருக்கும் இன்னொருவர் இருக்கிறார். மறு ஆண்டில் உப்பு வரி மணங்குக்கு இரண்டரை ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது, வருமான வரி விலக்கின் வரம்பு ஐந்நூறிலிருந்து ஆயிரமாக உயர்ந்தது. ஓர் உரையால் மட்டும் இது நிகழ்ந்தது என்று கூறுவது மிகை. ஆனால் உப்பு வாங்கும் ஏழையின் பொருட்டு அந்த அவையில் எழுந்த தெளிவான குரல் அது.

அவ்வுரைக்குச் சில வாரங்களுக்கு முன்புவரை, கல்கத்தாவில் ஏறத்தாழ ஒரு மாதம் காந்தி கோகலேயின் இல்லத்தில் தங்கியிருந்தார். 1901 இறுதியில் அங்கு நடந்த காங்கிரசு மாநாட்டில் அவர் அனுபவித்ததும் நினைக்கத்தக்கது. தென்னாப்பிரிக்கத் தீர்மானத்திற்கு அவருக்கு ஒதுக்கப்பட்டது ஐந்து நிமிடம். பேசிக்கொண்டிருக்கும்போதே தலைவராயிருந்த வாச்சா மணியை அடித்தார். இன்னும் இரண்டு நிமிடம் உண்டு என்பதற்கான எச்சரிக்கை அது என்று காந்திக்குத் தெரியாது. மனம் புண்பட்டு அமர்ந்துவிட்டார். மேடையின் வழக்கங்களையும் ஒருவர் கற்றுத்தான் ஆக வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

1915 சனவரி 9 அன்று காந்தி நிலையாக இந்தியா திரும்பினார். பம்பாயில் குசராத்தியர் அளித்த வரவேற்பில் பிறர் ஆங்கிலத்தில் பேச, அவர் குசராத்தியில் மறுமொழி கூறினார். தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்று அஞ்சியிருந்தார், எவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கோகலே அவருக்கு விதித்த நிபந்தனையோ வியப்பானது. ஓராண்டு நாட்டைச் சுற்றிப் பாருங்கள், அதுவரை பொதுச் செய்திகளில் கருத்து எதுவும் கூறாதீர்கள் என்றார். அவ்வாண்டு பிப்ரவரி 19 அன்று கோகலே மறைந்தார். காந்தி சொல்லைக் காத்தார். மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் அலைந்தார், பார்த்தார், கேட்டார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அச்சத்தால் வாய் மூடியிருந்தவர், இப்போது அறிவதற்காக வாய் மூடியிருந்தார்.

1916 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் தொடக்க விழாவில், எழுதிய தாள் இல்லாமல் எழுந்து நின்றார். தம் நாட்டில் அயல்மொழியில் பேச நேர்ந்ததற்கு நாணுவதாகக் கூறினார். காசி விசுவநாதர் கோயிலைச் சுற்றிய தெருக்களின் அழுக்கு, மூன்றாம் வகுப்புப் பயணிகளின் நிலை, அணிகலன்கள் பூண்டு அமர்ந்திருந்த மன்னர்கள், வைசிராயின் காவலுக்கென நிறுத்தப்பட்ட ஒற்றர்கள் என அவ்வோராண்டில் கண்டவற்றை அவையின் முன் வைத்தார். அன்னி பெசன்ட் நிறுத்தச் சொன்னார். மாணவர்கள் தொடரச் சொன்னார்கள். மன்னர்கள் எழுந்து சென்றனர். உரை முடிவுபெறாமலே கூட்டம் கலைந்தது. பேச்சுப் பயிற்சியாளர் எவரும் அதற்கு மதிப்பெண் தரமாட்டார். ஆயினும் அன்று தடைப்பட்டதற்குக் காரணம் அவருடைய நடுக்கம் அன்று, கேட்டோரின் நடுக்கம்.

தம் கூச்சத்தால் நன்மையும் விளைந்தது என்று காந்தி கருதினார். சொற்களை அளந்து செலவிட அது கற்பித்ததாம். உரத்த குரல் அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. ஆகவே என் இளைய நண்பரிடம், குரலைத் திருத்த முயலாதே என்றேன். உன் கட்டுரையில் உள்ள ஏழு கருத்துகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். ஒவ்வொரு எண்ணுக்கும் சான்று கையில் இருக்கட்டும். எழுதிக்கொள், கடிகாரம் வைத்து நான்கு நண்பர்களிடம் பேசிப்பார், அதில் ஒருவர் உன் துறையைச் சாராதவராக இருக்கட்டும். மணி எப்போது அடிப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள். எழுந்து நிற்கும்போது உன்னைப் பற்றி நினையாதே, நீ யாருக்காகப் பேச வந்தாயோ அவரை நினைத்துக்கொள் என்றேன்.

அவர் நூறாண்டுக்கு முந்தைய ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்கிறார். அவர்களில் பலருடைய பெயர் அவருடைய குறிப்பேட்டைத் தவிர இன்று வேறெங்கும் இல்லை. அடுத்த கருத்தரங்கு வரும் மாதம். தம் பெயரைக் கொடுத்துவிட்டார்.

மமிபாய் அவ்வழக்கில் வென்றாரா தோற்றாரா என்பது காந்திக்கே தெரியாமற்போயிற்று. தன்வரலாற்றில் அவர் அதை ஒப்புக்கொள்கிறார். நமக்கும் தெரியாது.